உரைத்துப் பார்த்த பேரறிஞர் அல்பிரூனி

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் கடை வைத்துப் பிழைக்கும் நமக்குச் சோதித்துப் பார்ப்பதென்பது புதிய வித்தையன்று. நகைக்கடைக்காரர் உரைகல்லைக் கையிலெடுக்காமல் பழைய நகைக்கு விலை சொல்லமாட்டார். பணமாற்றுக் கடைக்காரர் நோட்டை விரலால் தடவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் பெட்டியில் போடுவார். மளிகைக்காரர் கிராம்பை நகத்தால் அழுத்தி, எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தே மூட்டையை இறக்கச் சொல்வார். ஆயினும் இதே நாம், கடையைச் சாத்திவிட்டு இஷாத் தொழுகைக்குப் பின் நாலு பேர் கூடி உட்கார்ந்தால், யாரோ சொன்னதாக யாரோ சொன்னதை மறுபேச்சின்றி நம்பிவிடுகிறோம். மறுநாள் கடைக்கு வருகிறவரிடம் அதையே நம் சொந்தச் சரக்குப்போல் விற்றும் விடுகிறோம்.

நம் பிள்ளைகள் பலர் இன்று பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புப் படிக்கிறார்கள். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதவேண்டுமென்று இரவெல்லாம் விளக்கெரிக்கிறார்கள். ஆராய்ச்சி என்றால் என்னவென்று அத்தா கேட்டால் அவர்களுக்குச் சட்டென்று சொல்ல வருவதில்லை. அத்தாவின் உரைகல்லும் மகனின் ஆராய்ச்சியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை இருவருமே அறிந்தாரில்லை. ஆகவே, கேட்டதையெல்லாம் உரைத்துப் பார்ப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டிருந்த ஒரு முஸ்லிம் பேரறிஞரின் சரித்திரத்தை இவ்விதழில் எழுதத் துணிந்தோம். அவர்கள்தாம் அபூரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்பிரூனி அவர்கள்.

கி.பி. 973ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், அதாவது ஹிஜ்ரி 362 துல்ஹஜ் பிறை 3இல், குவாரிஸ்ம் நாட்டின் காத் நகரத்துக்கு வெளியே அன்னார் பிறந்தார்கள். பிரூன் என்றால் பாரசீக மொழியில் வெளிப்புறம் என்று பொருள். ஊருக்கு வெளியே பிறந்தவர் என்பதே அவர்களின் பெயராயிற்று. அந்நாட்டின் ஒரு பகுதி இன்று உஸ்பெகிஸ்தானில் அடங்கியிருக்கிறது. அவ்வூருக்கு இப்போது பெரூனி என்றே பெயர். அரச குடும்பத்தைச் சேர்ந்த கணித மேதை அபூநஸ்ர் மன்ஸூர் அவர்கள் இளைஞர் அல்பிரூனிக்கு ஆசிரியராக வாய்த்தார்.

17 வயதிலேயே, உச்சிப்பொழுதில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து, தம் ஊர் பூமியின் எந்த அட்சரேகையில் இருக்கிறது என்பதைக் கணக்கிட்டார்கள். முன்னோர் எழுதி வைத்த எண் ஏட்டில் இருக்கும்போது அதைப் பார்த்து எழுதிக்கொள்ளாமல் வெயிலில் போய் நிற்பானேன் என்று அக்காலத்தவரும் கேட்டிருப்பார்கள். ஆனால் அந்தப் பழக்கம் அவர்களை முதுமை வரையில் விடவில்லை. 22 வயதில் 15 முழ விட்டமுள்ள ஒரு பெரிய வளையம் அமைத்து வானத்தை அளக்கத் தொடங்கினார்கள். கோடைக்காலத்தின் நீண்ட பகலில் ஒருமுறை அளந்ததோடு சரி, 995ஆம் ஆண்டில் நாட்டில் போர் மூண்டது. அவர்களை ஆதரித்த அரச வமிசம் அழிந்தது. கருவிகளைப் போட்டுவிட்டு உயிர் பிழைக்க ஓடவேண்டியதாயிற்று.

ஓடிய இடங்களில் ஒன்று ரய் நகரம். அங்கே கையில் காசில்லாமல் இருந்த நாளில், ஒரு வானநூல் விஷயத்தைப் பற்றி அவ்வூர் அறிஞர் ஒருவரிடம் தம் கருத்தைச் சொன்னார்கள். அவரோ அல்பிரூனியைவிட அறிவில் குறைந்தவர், பணத்தில் மிகுந்தவர். ஏழையின் சொல்லென்று இகழ்ந்து தள்ளிவிட்டார். பிறகு அல்பிரூனி அவர்களின் நிலை சற்றுச் சீரடைந்ததும் அதே மனிதர் அதே கருத்தை ஒப்புக்கொண்டாராம். சொன்னவரின் சட்டையைப் பார்த்துச் சொல்லை எடைபோடும் இந்த வியாபாரம் நம் காலத்தில் மட்டும் நடப்பதாக நினைத்திருந்தோம்.

அந்த ரய் நகரத்தில்தான் அல்குஜந்தீ என்ற அறிஞர் சூரியனை அளப்பதற்காக மாபெரும் கருவியொன்றைக் கட்டியிருந்தார். அதன் ஆரம் 40 முழம். அவ்வளவு பெரிய கருவி பிழைபடாது என்று எவரும் எண்ணுவர். ஆனால் கிடைத்த விடை முன்னோரின் விடைகளோடு ஒத்துவரவில்லை. அல்பிரூனி அவர்கள் அல்குஜந்தீயோடு பேசி, காரணத்தை அறிந்து எழுதி வைத்தார்கள். சூரிய ஒளி புகும் துவாரம், பாரத்தினால் ஏறத்தாழ ஒரு சாண் கீழே இறங்கிவிட்டிருந்தது. தராசு பெரிதாக இருந்தால் மட்டும் போதுமா, முள் நேரே நிற்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

997ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு சந்திரகிரகணம் வந்தது. அல்பிரூனி அவர்கள் காத் நகரிலிருந்தார்கள். பக்தாதில் அபுல்வஃபா என்ற பெரும் கணித அறிஞர் இருந்தார். இருவரும் முன்கூட்டியே கடிதம் மூலம் பேசி வைத்துக்கொண்டு, ஒரே கிரகணத்தை அவரவர் ஊரில் கவனித்து, உள்ளூர் நேரத்தைக் குறித்தார்கள். சந்திரனை நிழல் மூடும் வேளை உலகுக்கெல்லாம் ஒன்றே, ஆனால் ஊருக்கு ஊர் பொழுது வேறு. நாம் பினாங்கில் இஷாவுக்குப் போகும்போது மக்காவில் ஏறத்தாழ அஸர் வேளையாக இருப்பது நமக்குத் தெரிந்ததே. இரண்டு ஊர்க் கணக்கையும் ஒப்பிட்டபோது சுமார் ஒரு மணி வித்தியாசம் வந்தது. அதிலிருந்து இரண்டு ஊருக்கும் இடையே கிழக்கு மேற்காக உள்ள தூரம் புலப்பட்டது. தந்தியும் இல்லாத, தொலைபேசியும் இல்லாத காலத்தில், ஒருவரை ஒருவர் நம்பி, மாதக்கணக்கில் காத்திருந்து செய்த கூட்டு ஆராய்ச்சி அது. இன்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சிக்கெல்லாம் அதனை மூத்த அண்ணன் எனலாம்.

அல்பிரூனி அவர்கள் இளைஞர் இப்னு ஸீனாவுக்கு 18 கேள்விகள் எழுதியனுப்பியதும் அந்தக் காலத்தை ஒட்டியதே. அவற்றில் 10 கேள்விகள் வானத்தைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதிய நூலைக் குறித்தவை. பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒன்றை ஏற்கவேண்டுமா, அதற்கு ஆதாரம் என்ன என்பதே அவற்றின் உட்கிடை. பனிக்கட்டி ஏன் தண்ணீரில் மிதக்கிறது என்ற எளிய கேள்வியும் அவற்றில் உண்டு. நம் சாலையில் தேத்தண்ணீர்க் கடையில் குவளையை எதிரில் வைத்துக்கொண்டு இதை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? பதில்களும் மறுபதில்களும் காரசாரமாகவே நடந்தன. இரண்டு மேதைகளும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கவில்லை.

1000ஆம் ஆண்டளவில், 27 வயதில், பண்டைய இனத்தாரின் காலக்கணக்குகளையும் பண்டிகைகளையும் ஒப்பிட்டு ஒரு பெருநூல் எழுதி, ஜுர்ஜான் மன்னர் காபூஸுக்குக் காணிக்கையாக்கினார்கள். பிறகு தாய்நாடு திரும்பிக் குவாரிஸ்ம் மன்னரின் சபையில் சில ஆண்டுகள் இருந்தார்கள். 1017இல் கஸ்னியின் சுல்தான் மஹ்மூது அந்நாட்டைப் பிடித்தார். அறிஞர்களையும் கைப்பற்றிய பொருளைப்போலத் தம் தலைநகருக்குக் கொண்டுபோனார். அவர்களுள் அல்பிரூனியும் ஒருவர். அப்போது வயது 44.

அடுத்த ஆண்டு, அதாவது 1018 அக்டோபரில், காபூலுக்கு அருகே ஒரு சிற்றூரில் அவர்கள் இருக்கிறார்கள். துன்பமான காலம். அளக்கக் கருவி எதுவும் கைவசம் இல்லை. என்ன செய்தார்கள்? கணக்குப் போடும் பலகையைப் புரட்டி, அதன் பின்புறத்தில் வட்டத்தின் பகுதியொன்றை வரைந்து, அதைப் பாகைகளாகப் பிரித்து, ஒரு நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டுச் சூரியனின் உயரத்தை அளந்துவிட்டார்கள். மானியம் வரட்டும், கருவி வரட்டும், பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்கும் நம் பிள்ளைகள் இந்தப் பலகையை நினைத்துக்கொள்ளட்டும்.

இந்த அளவைகளெல்லாம் எதற்காக? 1025இல் முடித்த ஒரு நூலில், நகரங்கள் பூமியில் எங்கெங்கே உள்ளன என்று துல்லியமாகக் காணும் வழிகளை அல்பிரூனி அவர்கள் விளக்கினார்கள். அதன் முடிவான நோக்கங்களுள் ஒன்று, கஸ்னியிலிருந்து கிப்லாவின் திசை எது என்று காண்பது. தூரமும் திசையும் தவறினால் தொழுகின்ற முகமே தவறிவிடும். நம் பினாங்கிலிருந்து பார்த்தால் கிப்லா நேர் மேற்கே இல்லை. மேற்கிலிருந்து சுமார் 21 பாகைக்கு மேல் வடக்கே திரும்பியிருக்கிறது. இன்று நாம் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொள்கிறோம். அந்தக் கணக்கின் வேரில் இவர்களைப் போன்றோரின் உழைப்பு கிடக்கிறது.

நிழலைக் கொண்டு தொழுகை நேரம் காண்பதைப் பற்றியும் அவர்கள் ஒரு நூல் எழுதினார்கள். அதில் ஒரு சுவையான செய்தி உண்டு. நேரம் காட்டும் கருவியொன்றில் ரோமரின் மாதப்பெயர்கள் பொறித்திருந்ததற்காக, அது பிற மதத்தாருடையது, பள்ளிவாசலுக்கு ஆகாது என்று ஒருவர் மறுத்தாராம். ரோமர்கள் உணவும் உண்கிறார்கள், நடக்கவும் நடக்கிறார்கள், அவர்களைப் போலாகிவிடாதிருக்க அவற்றையும் விட்டுவிடும்படி அல்பிரூனி அவர்கள் அம்மனிதருக்குச் சொன்னார்கள். மார்க்கப் பற்றில் அவர்கள் எவருக்கும் குறைந்தவரல்லர். அறிவு யாரிடமிருந்து வந்தாலும் உரைத்துப் பார்த்து மாற்று சரியாக இருந்தால் பெட்டியில் போடவேண்டியதுதான் என்பது அவர்களின் கட்சி.

நிற்க. அல்பிரூனி அவர்களின் புகழை உலகெங்கும் நிலைநிறுத்தியது இந்தியாவைப் பற்றி எழுதிய பெருநூலே. சுல்தானின் படைகள் இந்தியாவுக்குள் புகுந்த வழியே இவர்களும் வந்தார்கள். படைவீரர்கள் பொன்னைத் தேடினார்கள். இவர்கள் சமஸ்கிருதப் புத்தகங்களைத் தேடினார்கள். 40 வயதுக்குமேல் அம்மொழியைக் கற்பது எளிதாக இருக்கவில்லை. ஒரே பொருளுக்குப் பல சொற்கள், ஒரே சொல்லுக்குப் பல பொருள்கள், அரபு எழுத்தில் எழுதவே முடியாத ஒலிகள். இவற்றோடு, நூல்களைப் படியெடுப்பவர்கள் அலட்சியமாக எழுதுவதால் இரண்டொரு படியிலேயே மூலநூல் உருமாறிப்போகிறது என்று குறைப்பட்டார்கள். பண்டிதர்களிடம் முதலில் மாணாக்கராக உட்கார்ந்தார்கள். புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்ட இடத்திலெல்லாம் பணம் செலவழித்தார்கள். தூர ஊர்களிலிருந்து விஷயம் தெரிந்தவர்களை வரவழைத்தார்கள். பதஞ்சலியின் யோக நூலை அரபியில் பெயர்த்தார்கள்.

1030இல் முடிந்த அந்நூலில் 80 அத்தியாயங்கள் உண்டு. அதன் முகவுரை ஒன்றே ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பாடமாக வைக்கத் தக்கது. கண்ணால் கண்டதே செவிவழிச் செய்தியைவிட மேலானது, ஆயினும் ஒருவன் எல்லாவற்றையும் எல்லாக் காலத்திலும் கண்ணால் காணமுடியாதாகையால் செய்திகளின்றியும் வழியில்லை என்ற பொருள்படத் தொடங்குகிறார்கள். அப்படியாயின் செய்தி சொல்பவரை ஆராயவேண்டும். தன் இனத்தை உயர்த்தப் பொய் சொல்வோர் உண்டு. எதிரியைத் தாழ்த்தச் சொல்வோர் உண்டு. ஆசையாலும் அச்சத்தாலும் சொல்வோர் உண்டு. வேறு சிலர் முன்னவர் சொன்னதைத் தெரியாமல் திருப்பிச் சொல்கிறவர்கள். நாம் இஷாவுக்குப் பின் கூடியிருந்து செய்வது இந்தக் கடைசி இனம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஹதீஸ்களை அறிவித்தவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா என்று சங்கிலி சங்கிலியாக ஆராய்ந்த நம் இமாம்களின் வழியை மாற்றாரின் மார்க்கத்தைப் பற்றி எழுதும்போதும் அல்பிரூனி அவர்கள் கைவிடவில்லை. இந்துக்களின் கொள்கைகளை அவர்களின் நூல்களிலிருந்தே எடுத்து வைத்தார்கள். தமக்கு உடன்பாடில்லாததையும் திரிக்காமல் வைத்தார்கள். அவற்றுக்கு நிகரான கிரேக்கர் கருத்துக்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். ஒரே சாலையில் பள்ளிவாசலும் சீனர் கோயிலும் கிறிஸ்தவ தேவாலயமும் வைத்துக்கொண்டு வாழும் நாம், பக்கத்து வாசலுக்குள்ளே என்ன நம்புகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டறிந்தது எத்தனை முறை?

அதே நூலில் இன்னொரு துணிவும் உண்டு. சுல்தான் மஹ்மூதின் படையெடுப்புகள் அந்நாட்டின் செழிப்பைப் பாழாக்கின என்றும், அதனாலேயே அம்மக்கள் முஸ்லிம்களை வெறுத்து ஒதுங்கினர் என்றும், அவர்களின் கலைகள் காஷ்மீரம், காசி முதலிய எட்டாத இடங்களுக்கு ஓடிவிட்டன என்றும் அல்பிரூனி அவர்கள் எழுதிவிட்டார்கள். யாருடைய அரண்மனையில் உண்டார்களோ அந்த அரண்மனையைப் பற்றிய செய்தி இது. மஹ்மூது இறந்த ஆண்டும் 1030தான் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஆண்டவர் அவருடைய மகன் அல்லவா!

தென்னாட்டுக்கு அவர்கள் வந்தாரில்லை. எனினும் இந்திய எழுத்துக்களின் வரிசையில் திராவிட நாட்டு எழுத்தையும் குறிப்பிட்டிருக்கிறார்கள். நம் பக்கத்துக் கடல்களும் அந்நூலில் வருகின்றன. ஸாபஜ் தீவுகளை இந்துக்கள் சுவர்ணத்தீவு என்று அழைப்பதாக எழுதினார்கள். ஸரந்தீப் கடலில் முத்து அற்றுப்போய் ஆப்பிரிக்கக் கரையில் ஸோபாலாவில் முத்துக் கிடைக்கத் தொடங்கியதால், முத்துக்களே இடம்பெயர்ந்து போயின என்று மக்கள் பேசிக்கொண்டதையும் குறித்தார்கள்.

வியாபாரிகளாகிய நமக்கு மிகவும் பிடித்தது கிராம்புக் கதை. கப்பல்காரர்கள் ஒரு தீவின் கரையில் தோல்விரிப்புக்களைப் பரப்பி, பொற்காசும் துணியும் உப்பும் வைத்து, உடையவர் பெயரையும் குறித்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்களாம். மறுநாள் வந்து பார்த்தால் விலைக்கு ஈடாக விரிப்பின்மேல் கிராம்பு குவிந்திருக்குமாம். விற்றவர் யாரென்று எவரும் கண்டதில்லை. ஜின்கள் என்பார் சிலர், காட்டு மனிதர் என்பார் சிலர். பாலிக் புலாவ் பக்கத்தில் கிராம்பு மரத்தைக் கண்ணெதிரே பார்க்கும் நமக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். அல்பிரூனி அவர்கள் இதைக் கப்பல்காரர் சொன்னதென்றே எழுதினார்கள். அத்தீவு எதுவாயிருக்கும் என்று தாம் கருதியதைத் தம் ஊகமென்றே எழுதினார்கள். கண்டது ஒரு பேரேட்டில், கேட்டது வேறு பேரேட்டில், ஊகம் மூன்றாவது பேரேட்டில். மூன்றையும் ஒன்றாக எழுதினால் கடை என்னாகும் என்பது நமக்குத் தெரியும்.

இந்தியாவில் இருந்தபோதே பூமியையும் அளந்தார்கள். அதற்கு 200 ஆண்டுகளுக்கு முன் கலீபா மஃமூன் அனுப்பிய வானநூலார் ஸின்ஜார் பாலைவனத்தில் வடக்கும் தெற்குமாக நடந்து அளந்திருந்தனர். பாலைவனத்தில் நடக்காமலே அதைச் சரிபார்க்க முடியுமா என்பது அல்பிரூனி அவர்களின் கேள்வி. இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் நந்தனா என்ற மலைக்கோட்டை இருக்கிறது. அதன் தெற்கே சமவெளி. அடிவாரத்தில் இரண்டு இடங்களிலிருந்து கோணம் அளந்து மலையின் உயரம் 652 முழத்துக்குச் சற்று மேல் என்று கண்டார்கள். பிறகு உச்சிக்கு ஏறி, அடிவானம் நேர்மட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்தார்கள். 34 கலை, அதாவது முழுநிலாவின் அகலத்தைவிடச் சிறிதே கூடுதல். அந்தச் சின்னஞ்சிறு கோணத்திலிருந்து பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார்கள். இன்றைய அளவான 6,371 கிலோமீட்டருக்கு அது மிக நெருங்கி வந்ததாகப் பலர் எழுதுகிறார்கள். அவர்களின் முழம் எவ்வளவு நீளம் என்பது முடிவாகத் தெரியாததாலும், காற்றில் ஒளி வளைவது கோணத்தை மாற்றிவிடுமாதலாலும், அந்த நெருக்கத்தில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு என்று சொல்வதே நேர்மை. வழி சரியானது என்பதில் மட்டும் ஐயமில்லை. பூமி சுழல்கிறதா நிற்கிறதா என்ற கேள்விக்கோ, தீர்ப்பது கடினம் என்று சொல்லித் திறந்தபடியே விட்டார்கள்.

நகைக்கடைக்காரர்களுக்கு ஒரு செய்தி. உலோகங்களையும் மணிகளையும் தண்ணீரைக் கொண்டு நிறுத்துப் பார்க்க அல்பிரூனி அவர்கள் கூம்புபோன்ற ஒரு பாத்திரம் செய்தார்கள். கழுத்து ஒடுக்கமானது, பக்கத்தில் வளைந்த குழாய். வாய்மட்டும் நீர் நிரப்பிப் பொருளை உள்ளே போட்டால், அதன் பருமனளவு நீர் குழாய் வழியே தராசுத் தட்டில் விழும். பொருளின் எடையையும் நீரின் எடையையும் ஒப்பிட்டால் இன்னது தங்கம், இன்னது கலப்பு என்று தெரிந்துவிடும். தங்கம் நீரைவிட 19 மடங்குக்கு மேல் கனம், ஈயம் 11 மடங்குக்கு மேல் என்ற அவர்களின் கணக்கு இன்றைய கணக்கோடு ஒட்டியே நிற்கிறது.

முதுமையில் எழுதிய மணிநூலில் ஒரு சோதனை வருகிறது. மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண் அவிந்துபோகும் என்று பெரிய பெரிய நூலாசிரியர்களெல்லாம் எழுதியிருந்தார்கள். அல்பிரூனி அவர்கள் ஒரு விரியன் பாம்பைப் பிடித்துவைத்து, அதன் கழுத்தில் மரகத மாலை போட்டார்கள். கூடையில் மரகதத்தைப் பரப்பி அதன்மேல் விட்டார்கள். கண்ணெதிரே ஆட்டிக் காட்டினார்கள். ஒருநாள் இருநாள் அன்று, 9 மாதம், வெயிலிலும் குளிரிலும். பாம்பின் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்வை கூர்மையாகியிருந்தாலும் இருக்கலாம் என்று கேலியும் செய்திருக்கிறார்கள். ஒருமுறை பார்த்துவிட்டுப் பொய்யென்று சொல்லியிருக்கலாம். அன்று குளிராயிருந்தது, பாம்பு தூங்கிவிட்டது என்று எதிர்க்கட்சிக்காரர் சொல்ல இடம்விடக்கூடாது என்பதற்கே அந்த 9 மாதம்.

63 வயதில், ஹிஜ்ரி 427இல், கடைச்சரக்குக்குக் கணக்கெடுப்பதுபோலத் தாம் எழுதியவற்றுக்குப் பட்டியல் எடுத்தார்கள். 113 நூல்கள். பெரும்பாலானவை அழிந்துபோயின. எஞ்சியவற்றை உலகத்தின் கண்ணுக்குக் கொண்டுவந்தவர்களில் ஜெர்மானிய அறிஞர் எட்வர்ட் ஸகாவ் முக்கியமானவர். இந்திய நூலின் அரபு மூலத்தை 1887இல் அச்சிட்டார். ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிப் நிலையத்தார் மணிநூலையும், மன்னர் மஸ்ஊதுக்குக் காணிக்கையான பெரிய வானநூலையும் வெளியிட்டார்கள்.

இவ்வளவு பெரியவரைப் பற்றிக் கட்டுக்கதைகள் முளைக்காமல் இருக்குமா? தாம் எந்த வாசல் வழியே வெளியேறுவோம் என்று சுல்தான் மஹ்மூது கேட்டதாகவும், இவர்கள் சரியாகக் கணித்துவிட்டதாகவும், கோபங்கொண்ட சுல்தான் மாடியிலிருந்து தள்ளச் சொன்னதாகவும், அதையும் இவர்கள் முன்பே எழுதி வைத்திருந்ததாகவும் ஒரு கதை உண்டு. அதை எழுதியவர் சுமார் 100 ஆண்டுகளுக்குப் பின் வந்தவர், கதைச்சுவைக்காக எழுதியவர். அல்பிரூனி அவர்களிடமே கற்றுக்கொண்ட பாடத்தின்படி, இதை இரண்டாவது பேரேட்டில் எழுதிவிட்டு மேலே செல்கிறோம்.

அவர்களின் மறைவு 1048இல் என்பது வழக்கு. மருந்துகளைப் பற்றிய கடைசி நூலில் தமக்கு 80 வயது கடந்துவிட்டதாக எழுதியிருப்பதால், 1050க்குப் பிறகே இருக்கவேண்டும் என்பாரும் உண்டு. ஹிஜ்ரிக் கணக்கில் கூட்டிப் பார்த்தால் பின்னவர் சொல்வதே பொருந்துகிறது.

கடைசிப் பொழுதைப் பற்றி யாகூத் என்ற சரித்திர ஆசிரியர் ஒரு செய்தி தருகிறார். இவரும் பிற்காலத்தவரே. ஆனால் சொன்னவர் இன்னார், அவர் அருகில் இருந்தவர் என்று சங்கிலியைக் காட்டுகிறார். வல்வாலிஜீ என்ற மார்க்கச் சட்ட அறிஞர் அல்பிரூனி அவர்களைப் பார்க்கச் சென்றார். மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அந்நிலையிலும், சொத்துப் பங்கீட்டில் தாய்வழிப் பாட்டிமாருக்குரிய கணக்கைப் பற்றி முன்பொரு நாள் அவர் சொன்னது என்னவென்று அல்பிரூனி அவர்கள் கேட்டார்கள். இந்த நிலையிலா என்று அவர் இரங்கினார். அதை அறியாமல் உலகைவிட்டுப் போவதைவிட அறிந்துகொண்டு போவது மேலல்லவா என்றார்கள். அவர் விளக்கிச் சொன்னார். இவர்கள் திருப்பிச் சொல்லி மனத்தில் இருத்திக்கொண்டார்கள். முன்பு வாக்களித்திருந்தபடி தாமும் அவருக்கு ஒன்றைக் கற்பித்தார்கள். வல்வாலிஜீ விடைபெற்று வெளியே வந்து தெருவில் நடந்துகொண்டிருக்கும்போதே வீட்டுக்குள்ளிருந்து அழுகுரல் கேட்டது.